இடையில் ஒரு குழி அடைபட்டால்

தக்காளியின் சிவப்புக்குக் காரணம் லைக்கோப்பீன் என்ற மூலக்கூறு. அதில் இரட்டைப் பிணைப்புகள் மொத்தம் 13. ஆனால் நிறத்துக்கு உழைப்பவை 11தான். மீதி இரண்டும் அதே மூலக்கூறில், அதே கார்பன் சங்கிலியில்தான் இருக்கின்றன. நிறத்தைப் பொறுத்தவரை அவை இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

உழைக்கும் 11-ஐக் கரிம வேதியியலில் கான்ஜுகேட்டட், அதாவது இணைந்த இரட்டைப் பிணைப்புகள் என்பார்கள். ஒதுங்கி நிற்கும் இரண்டும் தனித்த இரட்டைப் பிணைப்புகள். பிளஸ் ஒன் மாணவர்கள் இதை “இரட்டை, ஒற்றை, இரட்டை, ஒற்றை என்று மாறி மாறி வந்தால் இணைந்தது” என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். மாறி மாறி வந்தால் அப்படி என்னதான் நடக்கிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அதைப் பார்க்க ஒரு பணியாரக்கல் போதும்.

கல்லைத் தயார் செய்வோம்

வீட்டுப் பணியாரக்கல்லில் குழிகள் வட்டமாக இருக்கும். நமக்கு வேண்டியது குழிகள் ஒரே வரிசையில் அமைந்த நீளமான கல். குழிக்கும் குழிக்கும் நடுவே தாழ்வான ஒரு விளிம்பு. இந்தக் கல்லை அடுப்பில் ஏற்ற வேண்டாம்; மாவு வேகாமல், ஓடும் பதத்திலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு குழியும் ஒரு கார்பன் அணு. கல்லின் இரும்பு, கார்பன்களை வரிசையாகப் பிடித்து வைத்திருக்கும் சிக்மா பிணைப்பு. அது எப்போதும் இருக்கும், அசையாது. குழியில் ஊற்றும் ஒரு கரண்டி மாவு, ஒரு பை எலக்ட்ரான். குழி என்று நாம் சொல்வது கார்பனின் பி ஆர்பிட்டாலை: மூலக்கூறின் தளத்துக்கு மேலும் கீழுமாக நீட்டிக்கொண்டிருக்கும் எலக்ட்ரான் இருப்பிடம்.

பக்கத்துப் பக்கத்துக் குழிகள் இரண்டில் ஒவ்வொரு கரண்டி ஊற்றினால், மாவு விளிம்பைத் தாண்டி ஒன்றாகக் கலக்கும். அந்தக் கலப்புதான் பை பிணைப்பு. கீழே இரும்பு, மேலே மாவு, ஆக இரண்டு பிணைப்பு. எத்திலீன் என்றால் இரண்டே குழி, இரண்டே கரண்டி.

எல்லாக் கார்பனிலும் குழி திறந்திருக்காது. நான்கு பக்கமும் ஒற்றைப் பிணைப்பாகவே அமைந்த கார்பனுக்கு, உதாரணமாக சங்கிலியின் நடுவே வரும் சி.எச்.2-வுக்கு, மாவு ஊற்ற இடமே கிடையாது. அங்கே குழி அடைபட்டிருக்கிறது. கல் தொடர்கிறது, ஆனால் மாவு தொடர முடியாது.

மூன்று விதமாக ஊற்றலாம்

நான்கு குழிகளும் திறந்த ஒரு கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டில் ஊற்றினால் அவை சேர்கின்றன. மூன்றிலும் நான்கிலும் ஊற்றினால் அவையும் சேர்கின்றன. இரண்டாம் குழிக்கும் மூன்றாம் குழிக்கும் நடுவில் இருப்பதும் அதே தாழ்ந்த விளிம்புதானே? மாவு அதையும் தாண்டும். முதல் இரண்டுக்கு நடுவே கனமாகவும், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே மெல்லிசாகவும், நான்கு குழியும் சேர்ந்து ஒரே பணியாரம் ஆகிவிடும். இதுதான் 1,3-பியூட்டாடையீன், இணைந்த இரட்டைப் பிணைப்பின் ஆரம்பப் பாடம்.

இப்போது ஐந்து குழிக் கல். ஆனால் மூன்றாவது குழி அடைபட்டது. ஒன்றிலும் இரண்டிலும் ஊற்றினால் ஒரு பணியாரம். நான்கிலும் ஐந்திலும் ஊற்றினால் இன்னொரு பணியாரம். நடுவில் அடைப்பு இருப்பதால் இதன் மாவு அதற்குப் போகாது. இது 1,4-பென்டாடையீன். இரட்டைப் பிணைப்பு இரண்டுதான், எண்ணிக்கையில் குறைவில்லை. தனித்தனியாக நிற்கின்றன, அவ்வளவுதான்.

மூன்றாவது விதம் கொஞ்சம் ஏமாற்றும். ஒரே கார்பனின் இரு பக்கமும் இரட்டைப் பிணைப்பு வந்தால்? அல்லீன் என்ற மூலக்கூறு அப்படித்தான். இரட்டைப் பிணைப்புகள் இவ்வளவு நெருங்கி உட்கார்ந்திருக்கின்றனவே, கட்டாயம் சேர்ந்துவிடும் என்று தோன்றும். சேராது. நடுக் கார்பனில் இரண்டு குழிகள் இருக்கின்றன. ஒன்று மேலே பார்த்தபடி, மற்றொன்று பக்கவாட்டில். ஒரு பக்கத்து அண்டைக்கு முதல் குழி, மறு பக்கத்து அண்டைக்கு இரண்டாவது. இரண்டும் செங்குத்தாக நிற்பதால் மாவு கலக்க வழியில்லை. பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, ஒரே பக்கம் பார்த்தும் இருக்க வேண்டும்.

சேர்ந்ததற்குச் சாட்சி என்ன?

மாவு விளிம்பைத் தாண்டிக் கலக்கிறது என்பது சும்மா கதையில்லை, ஆய்வகத்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். முதல் அளவு, நீளம். ஈத்தேனில் இரு கார்பனுக்கு நடுவேயுள்ள ஒற்றைப் பிணைப்பு 1.54 ஆங்ஸ்ட்ராம். எத்திலீனின் இரட்டைப் பிணைப்பு 1.34. பியூட்டாடையீனின் நடுவில் இருப்பது, காகிதத்தில் ஒற்றைக் கோடு போட்டு எழுதுகிறோமே அது, 1.47. ஒற்றையைவிடக் குட்டை, இரட்டையைவிட நீளம். இந்தக் குறுகலில் அங்குள்ள கார்பன்களின் கலப்பு வகைக்கும் ஒரு பங்கு உண்டு. மெல்லிசாகப் பரவிய மாவுக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது அளவு, வெப்பம். ஒரு இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனைச் சேர்த்தால் வெப்பம் வெளிவரும். அதிகமாக வெளிவந்தால் அந்த மூலக்கூறு முன்பு நிலைகொள்ளாமல் இருந்தது என்று பொருள். 1-பியூட்டீனில் ஒரே இரட்டைப் பிணைப்பு. ஒரு மோலுக்கு சுமார் 127 கிலோஜூல் வருகிறது. அப்படியானால் இரண்டு இருந்தால் 254 வர வேண்டும். தனித்து நிற்கும் 1,4-பென்டாடையீன் கணக்குத் தப்பாமல் ஏறத்தாழ 254 கொடுக்கிறது. பியூட்டாடையீன் கொடுப்பதோ 239. அந்த 15 கிலோஜூல் முன்பே போய்விட்டது. மாவு பரவி அமைதியாகப் படிந்த வகையில்.

மூன்றாவது சாட்சி, நடத்தை. பியூட்டாடையீனோடு ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்த்தால் அது ஒன்று, இரண்டு என்ற பக்கத்துக் கார்பன்களில் ஒட்டலாம். அல்லது ஒன்று, நான்கு என்று இரண்டு முனைகளில் ஒட்டி, நடுவில் புதிதாக ஓர் இரட்டைப் பிணைப்பை உண்டாக்கலாம். மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் முதல் வகை சுமார் 80 சதவீதம்; 40 டிகிரியில் இரண்டாவது வகை சுமார் 80 சதவீதம். ஒரு முனையில் கை வைத்தால் மறு முனையில் தெரிகிறது என்றால், இரண்டும் ஒரே பணியாரம் என்றுதானே பொருள்? முனைகளில் சேரும் இந்த வினோதத்தை விளக்கத்தான் ஜெர்மானிய வேதியியலர் யோஹான்னஸ் தீலே 1899-ல் ‘இணைந்த’ அமைப்பு என்ற கருத்தையே முன்வைத்தார். எலக்ட்ரான் கொள்கை முதிர்வதற்கு வெகு முன்பே!

தளும்பலும் நிறமும்

இனி கல்லைக் கொஞ்சம் ஆட்டிப் பார்ப்போம். இரண்டு குழி மட்டும் சேர்ந்த சின்னப் பணியாரத்தில் மாவைத் தளும்ப வைக்க, வேகமாக, படபடவென்று உலுக்க வேண்டும். இருபது குழி சேர்ந்த நீளப் பணியாரத்துக்கு அவ்வளவு வேகம் வேண்டாம். மெதுவாகச் சாய்த்தாலே மாவு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அலையும். நீளம் கூடக் கூட, தளும்ப வைக்கத் தேவையான உலுக்கல் குறையும்.

மூலக்கூறை உலுக்குவது ஒளி. புற ஊதா ஒளி வேகமான உலுக்கல். நீலம் அதைவிட மெதுவு. சிவப்பு இன்னும் மெதுவு. எத்திலீனைத் தளும்ப வைக்க 170 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதா வேண்டும். பியூட்டாடையீனுக்கு 217 போதும். மூன்று இரட்டைப் பிணைப்பு சேர்ந்த ஹெக்சாட்ரையீனுக்கு 258. இவை எல்லாமே கண்ணுக்குத் தெரியாத ஒளி. அதனால் மூன்றும் நமக்கு நிறமற்றவை. இரண்டு இரட்டைப் பிணைப்பு இருந்தும் தனித்து நிற்கும் 1,4-பென்டாடையீன் ஏறக்குறைய எத்திலீன் இருக்கும் இடத்திலேயே, 178-ஐ ஒட்டி நிற்கிறது. அடைபட்ட குழியின் வேலை அது.

வரிசை நீண்டுகொண்டே போய், ஏழு, எட்டு இரட்டைப் பிணைப்புகள் சேரும்போது 400-ஐத் தாண்டுகிறது. அங்கேதான் நம் கண்ணின் எல்லை தொடங்குகிறது. மூலக்கூறு முதலில் ஊதாவையும் பிறகு நீலத்தையும் விழுங்க ஆரம்பிக்கும். விழுங்கியது போக மீதி வரும் ஒளிதான் நாம் பார்க்கும் நிறம்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு.

பசு நெய் மஞ்சளாகவும் எருமை நெய் வெள்ளையாகவும் இருப்பதற்கும் இதுவே கணக்கு. புல்லில் இருந்து வரும் பீட்டா கரோட்டினில் 11 இரட்டைப் பிணைப்புகள் இணைந்திருக்கின்றன. 450 நானோமீட்டரை ஒட்டிய நீலத்தை விழுங்கும், மஞ்சளாகத் தெரியும். பசு அதில் ஒரு பகுதியை அப்படியே பாலுக்கு அனுப்பிவிடுகிறது. எருமை அதை நடுவில் வெட்டி வைட்டமின் ஏ ஆக்கிவிடுகிறது. வைட்டமின் ஏ-யில் இணைந்தவை ஐந்துதான். அது விழுங்குவது 325 நானோமீட்டர், புற ஊதா. எருமை நெய்யில் சத்துக்குக் குறைவில்லை. வரிசை குட்டையாகிவிட்டது, அதனால் நிறம் போய்விட்டது.

தக்காளி: ஒன்று சேர்த்தால் இரண்டு கூடும்

லைக்கோப்பீனைத் தக்காளிச் செடி எப்படிச் செய்கிறது என்று பார்த்தால், இணைதலின் முழு இயக்கமும் படிப்படியாகத் தெரியும்.

செடி முதலில் செய்வது பைட்டோயீன் என்ற 40 கார்பன் மூலக்கூறு. அதில் இரட்டைப் பிணைப்புகள் 9. ஒன்பது இருந்தும் நிறமே இல்லை. காரணம், நடுவில் மூன்று மட்டும் இணைந்திருக்கின்றன. இரு பக்கமும் மும்மூன்றாக மிச்சமுள்ள ஆறும் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பக்கம் பக்கமாக இரண்டு குழிகள் அடைபட்டிருக்கின்றன.

அடுத்து செடியின் நொதி ஒன்று வந்து, நடுப் பணியாரத்தை ஒட்டியுள்ள அந்த இரண்டு அடைப்புகளிலிருந்தும் ஒவ்வொரு ஹைட்ரஜனை எடுத்துவிடுகிறது. இரண்டு குழியும் திறந்து, அங்கே புதிதாக ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டாகிறது. இப்போது மொத்தம் 10. ஆனால் இணைந்தவை மூன்றிலிருந்து நான்காக ஆகவில்லை, ஐந்தாகிவிட்டன. ஏன்? புதிதாகத் திறந்த குழிகளின் வழியாக, அந்தப் பக்கம் தனியாகக் கிடந்த ஒரு பணியாரமும் வந்து சேர்ந்துகொண்டது. புதியது ஒன்று, அதன் வழியாக வந்த பழையது ஒன்று.

இப்படியே நான்கு முறை நடக்கும். பைட்டோயீனில் மொத்தம் 9, இணைந்தவை 3. பைட்டோஃப்ளூயீனில் 10-க்கு 5. சீட்டா கரோட்டினில் 11-க்கு 7. நியூரோஸ்போரீனில் 12-க்கு 9. கடைசியாக லைக்கோப்பீனில் 13-க்கு 11. விழுங்கும் ஒளியும் அதே தாளத்தில் நகர்கிறது: 286, 348, 400, 440, 472 நானோமீட்டர். முதல் இரண்டும் கண்ணுக்கு நிறமற்றவை. மூன்றாவது வெளிர் மஞ்சள். கடைசியில் சிவப்பு. இரட்டைப் பிணைப்பு நான்குதான் கூடியது; ஆனால் நிறமில்லாதது சிவந்துவிட்டது.

(கொடியில் இருக்கும் காய் பச்சையிலிருந்து சிவப்பாக மாறுவதை இந்தப் படிகளோடு ஒப்பிட்டுவிட வேண்டாம். காயின் பச்சை பச்சையம். அது சிதைகிறது, லைக்கோப்பீன் சேர்கிறது. இடைப்பட்டவற்றில் பெரும்பாலானவை அதிகம் தேங்குவதில்லை.)

மிச்சமுள்ள இரண்டும் சங்கிலியின் இரு முனைகளில் இருக்கின்றன. அவற்றுக்கும் நடுப் பணியாரத்துக்கும் இடையே இரண்டிரண்டு அடைப்புகள் அப்படியே நிற்கின்றன. நொதி அவற்றைத் தொடுவதில்லை.

கேரட்டில் செடி இன்னும் ஒரு வேலை செய்கிறது. லைக்கோப்பீனின் இரு முனைகளையும் மடக்கி வளையமாக்கி, பீட்டா கரோட்டின் ஆக்குகிறது. தனித்து நின்ற இரண்டும் அந்த மடக்கலில் செலவாகிவிட, மீதி 11, அவ்வளவும் இணைந்தவை. லைக்கோப்பீனிலும் இணைந்தவை 11 என்றால் இரண்டும் ஒரே நிறமாக அல்லவா இருக்க வேண்டும்? கேரட் ஆரஞ்சாகத்தான் இருக்கிறது. வளையத்தில் மாட்டிக்கொண்ட கடைசி இரட்டைப் பிணைப்புகள் இடநெருக்கடியால் தளத்திலிருந்து முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. முனைக் குழிகள் சாய்ந்துவிட்டன. அங்கே மாவு அரைகுறையாகத்தான் கலக்கிறது. காகிதத்தில் 11, நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பீட்டா கரோட்டினின் அமைப்பை 1930-ல் கண்டு சொன்னவர் சுவிட்சர்லாந்தின் பவுல் கார்ரர். 1937-ல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

மல்லாட்டை எண்ணெய்: அடைபட்ட குழி திறக்கும்போது

இதுவரை பார்த்ததில் இணைந்தவைதான் கதாநாயகன். தனித்தவற்றின் கதை எண்ணெய்ச் சட்டியில் இருக்கிறது.

செஞ்சியிலிருந்தோ வந்தவாசியிலிருந்தோ சீயமங்கலத்துக்கு, மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகைக்கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் வழியில் தவறாமல் பார்ப்பது மல்லாட்டைக் கொல்லை. நிலக்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அது. பக்கத்திலேயே திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம். நாடு முழுக்க விதைத்த டி.எம்.வி. 2 ரகம் 1940-ல் அங்கிருந்துதான் வெளிவந்தது. ஆகவே செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அதை வெயில் படும் ஜன்னலோரம், மூடியும் சரியாக மூடாமல் விட்டால் சிக்கு வாடை அடிக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

கடலை எண்ணெயில் முக்கியமான கொழுப்பு அமிலங்கள் இரண்டு. இரண்டிலும் 18 கார்பன். ஒலியிக் அமிலத்தில் ஒரே இரட்டைப் பிணைப்பு, ஒன்பதாம் கார்பனில். லினோலியிக் அமிலத்தில் இரண்டு: ஒன்பதிலும் பன்னிரண்டிலும். அதாவது 9, 10 திறந்த குழிகள், 11 அடைபட்டது, 12, 13 திறந்தவை. தனித்த இரட்டைப் பிணைப்புகளுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் சமையலறையில் கிடைக்காது.

அந்தப் பதினோராம் கார்பனைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதன் இரு புறமும் தயாராக மாவு. அது மட்டும்தான் தடை. அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிவிட்டால் குழி திறந்து, 9 முதல் 13 வரை ஐந்து குழியும் ஒரே பணியாரம் ஆகிவிடும். பரவினால் நிலைக்கும் என்று மேலே பார்த்தோம். ஆகவே அந்த ஹைட்ரஜன் வெகு எளிதாக வந்துவிடும். சாதாரண சங்கிலிக் கார்பனிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க ஒரு மோலுக்கு சுமார் 98 கிலோகலோரி வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இரட்டைப் பிணைப்பு இருந்தால், ஒலியிக்கில் இருப்பதுபோல, சுமார் 88. இரு பக்கமும் இருந்தால் சுமார் 75 போதும்.

வெளிச்சமோ, வெப்பமோ, துளி இரும்போ செம்போ அந்த ஹைட்ரஜனைத் தட்டிவிட வழி செய்கிறது. குழி திறந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டுகிறது. நடுவில் இல்லை, முனையில், 9-லோ 13-லோ. ஆக்சிஜன் ஒட்டிய முனைக் குழி மறுபடி அடைபடுகிறது. மீதி நான்கு குழிகள் பக்கம் பக்கமாகத் திறந்திருக்கின்றன. தனித்து நின்ற இரண்டு இரட்டைப் பிணைப்புகள் இப்போது இணைந்துவிட்டன.

இதை எண்ணெய் ஆய்வகங்கள் சோதனையாகவே பயன்படுத்துகின்றன. புதிய எண்ணெய் 233 நானோமீட்டர் புற ஊதா ஒளியை அதிகம் விழுங்காது, ஏனென்றால் அதில் இணைந்த இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு. பழசாக ஆக அந்த அளவு ஏறுகிறது. ஆலிவ் எண்ணெய் வணிகத்தில் இதே சோதனைக்கு கே 232 என்று பெயர்; எண் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் உயர்தரம் என்று விற்க முடியாது. மூக்குக்கு வாடை எட்டுவதற்கு முன்பே கருவி கண்டுபிடித்துவிடும். வாடை அடுத்த கட்டம்: ஆக்சிஜன் ஒட்டிய சங்கிலி உடைந்து ஹெக்சனால் போன்ற சின்ன ஆல்டிஹைடுகள் கிளம்புகின்றன. சிக்கு நாற்றத்தில் பெரும்பங்கு அவற்றுக்கு.

எண்ணெய் கெடாமல் இருக்க வேண்டுமானால் பதினோராம் கார்பனைப் போல இரு புறமும் மாவு உள்ள அடைப்பே இல்லாமல் செய்ய வேண்டும். நிலக்கடலை விஞ்ஞானிகள் அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஜுனாகட்டில் உள்ள நிலக்கடலை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிர்னார் 4, கிர்னார் 5 ரகங்களில் ஒலியிக் அமிலம் சுமார் 80 சதவீதம். லினோலியிக் வெகு குறைவு. ஒரே இரட்டைப் பிணைப்பு என்றால் ஹைட்ரஜன் அவ்வளவு சுலபமாகக் கழலாது, எண்ணெய் நீண்ட நாள் தாங்கும்.

லினோலியிக்கை இணைந்த வடிவமாக்கும் வேலையை மாட்டின் வயிறும் செய்கிறது, ஆக்சிஜன் இல்லாமலே. அசைபோடும் வயிற்றிலுள்ள பாக்டீரியாக்கள் பன்னிரண்டாம் இடத்து இரட்டைப் பிணைப்பை ஓர் இடம் தள்ளி பதினொன்றுக்கு நகர்த்துகின்றன. 9, 11 என்று இணைந்த அமிலம் பாலிலும் நெய்யிலும் சிறிதளவு கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று இரட்டைப் பிணைப்பு உள்ளவற்றிலும் இதே ஜோடி உண்டு. ஆளிவிதை எண்ணெயின் லினோலெனிக் அமிலத்தில் அவை 9, 12, 15: தனித்தனி. பாகல் விதை எண்ணெயில் நிறைய உள்ள எலியோஸ்டியரிக் அமிலத்தில் 9, 11, 13: மூன்றும் இணைந்தவை. அதே அமிலம்தான் சீனாவின் டங் எண்ணெயிலும் பெரும்பங்கு. மரச்சாமானில் பூசினால் டங் எண்ணெய் ஆளி எண்ணெயைவிடச் சீக்கிரம் காய்ந்து இறுகும் என்பது பெயின்ட் தொழிலில் நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம்.

மஞ்சள்: நடுக்குழியின் விளையாட்டு

அடைப்பு வந்து வந்து போகும் ஒரு மூலக்கூறும் இருக்கிறது, மஞ்சளில். கர்குமின் என்பது இரு முனைகளில் பென்சீன் வளையம், நடுவில் ஏழு கார்பன் சங்கிலி. அந்தச் சங்கிலியின் சரியாக நடுக் கார்பன் இரண்டு வடிவங்களில் இருக்க முடியும். ஒரு வடிவத்தில் அது அடைபட்ட குழி. மூலக்கூறு இடம் வலம் என்று இரண்டு பாதியாக நிற்கும். இன்னொரு வடிவத்தில் அதன் ஹைட்ரஜன் ஒன்று பக்கத்து ஆக்சிஜனுக்குத் தாவிவிடும். குழி திறந்து, வளையம் முதல் வளையம் வரை முழு வரிசையும் ஒன்றாகிவிடும். மஞ்சளின் பளிச்சென்ற நிறம், 425 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை விழுங்கும் இந்த இரண்டாவது வடிவத்தால்.

ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அங்கே வரிசை புதிதாக நீளவில்லை. காரத்தன்மையால் முனை வளையத்தில் உள்ள ஓ.எச். தன் ஹைட்ரஜனை இழக்கிறது. மின்சுமை ஏறிய ஆக்சிஜன் தன் எலக்ட்ரான்களை வரிசைக்குள் தள்ளுகிறது. மாவு கூடுகிறது, தளும்பல் இன்னும் எளிதாகிறது, விழுங்கும் ஒளி பச்சைப் பக்கம் நகர்கிறது. வேட்டியில் பட்ட மஞ்சள் கறை மேல் சோப்புப் போட்டதும் சிவப்பதும் இதே வேலைதான்.

அந்தக் கறை வெயிலில் உலர்த்தினால் மங்கிப்போகும். வெயில் சங்கிலியை உடைக்கிறது. துண்டுகளில் வரிசை குட்டை, நிறம் இல்லை. அழகுசாதனக் கம்பெனிகளுக்கு மஞ்சளின் குணம் வேண்டும், முகத்தில் மஞ்சள் நிறம் ஒட்டக் கூடாது. அவர்கள் பயன்படுத்தும் டெட்ராஹைட்ரோகர்குமினில் சங்கிலியின் இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் ஹைட்ரஜனால் அடைக்கப்பட்டிருக்கும். தூள் ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும்.

நீங்களே பார்த்துக்கொள்ள

புதிய மூலக்கூறு எதைக் கொடுத்தாலும் இரட்டைப் பிணைப்புகளை எண்ண ஆரம்பிக்காதீர்கள். முதலில் அடைப்புகளைத் தேடுங்கள். நான்கு ஒற்றைப் பிணைப்பு உள்ள கார்பன் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். குறி இல்லாமல் தொடர்ச்சியாக ஓடும் பகுதி எதுவோ அதுவே ஒரு பணியாரம். அந்த ஓட்டத்தில் கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள ஆக்சிஜன் வந்தாலும், பென்சீன் வளையம் வந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவையும் திறந்த குழிகள்தான். பிறகு வளையத்தாலோ நெருக்கடியாலோ முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

எலுமிச்சம்புல் தைலத்தின் மணத்துக்குக் காரணமான சிட்ராலில் செய்து பார்க்கலாம். முதல் கார்பன் ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில். 2, 3 இரட்டைப் பிணைப்பு. 4, 5 இரண்டுக்கும் பெருக்கல் குறி. 6, 7 மறுபடி இரட்டைப் பிணைப்பு. 8 வெறும் மெத்தில், அதற்கும் குறி. ஆக, ஆக்சிஜனிலிருந்து மூன்றாம் கார்பன் வரை ஒரு பணியாரம். ஆறும் ஏழும் தனி. இணைந்த பகுதி குட்டை என்பதால் 240 நானோமீட்டர் வட்டாரத்துப் புற ஊதாவைத்தான் விழுங்கும். எனவே கண்ணுக்கு வலுவான நிறம் எதையும் தராது.

இந்தச் சிட்ராலிலிருந்து வைட்டமின் ஏ தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்கு இரண்டு பகுதிகளும் தேவைப்படுகின்றன. இணைந்த முனையில் அசிட்டோனைச் சேர்த்து வரிசையை நீட்டுகிறார்கள். பிறகு அமிலத்தைச் சேர்த்தால் அது தனித்து நிற்கும் ஆறு, ஏழில் போய்த் தாக்குகிறது. சங்கிலி வளைந்து வைட்டமின் ஏ-க்கு வேண்டிய வளையம் மூடிக்கொள்கிறது. நிறத்துக்கு உதவாத இரட்டைப் பிணைப்பு மருந்துத் தொழிலில் இப்படித் தன் சம்பளத்தைச் சம்பாதித்துக்கொள்கிறது.